இடது கைப் பக்கம் புயல்

1

இந்தக் கதையின் முடிவை அம்மா முதலிலேயே சொல்லிவிட்டாள். மிச்சத்தைத்தான் என்னிடம் எழுதச் சொன்னாள்.

நான் இருப்பது ஷார்ஜாவில். வெள்ளிக்கிழமை அம்மா போன் செய்தால் சாப்பாட்டில் ஆரம்பித்துச் சம்பளத்தில் முடிப்பாள். அந்த வெள்ளிக்கிழமை இரண்டையும் விட்டுவிட்டாள்.

“உங்க மாமன் கண்ணு ஆபரேசன் பண்ணீட்டு ஊட்டுல குக்கீட்டிருக்கறாரு சாமி. பொழுதுக்கும் ஒரே பேச்சு. ‘நாந்தான் மச்சானைக் கொன்னுட்டேன், நாந்தான் கொன்னுட்டேன்’னு. இத்தன வருசமா உள்ள போட்டு வெச்சிருந்தது, கண்ணைக் கட்டி உக்கார வெச்சதும் வாயில வருது. நீதான் கதையெல்லாம் எழுதறியே. அவரு மேல தப்பில்லைன்னு முடியற மாதிரி ஒண்ணு எழுதி அனுப்பு. அக்கா படிச்சுக் காட்டட்டும்.”

கதையெல்லாம் எழுதுகிறேன் என்று அம்மா சொன்னது, கல்லூரி மலரில் வந்த இரண்டு கதைகளை. அதில் ஒன்றில் நாய் பேசும்.

ஆட்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு எனக்கே குழம்பும். மாமா என்றால் அம்மாவின் அண்ணன் சின்னுசாமி. அக்கா என்றால் அம்மாவுக்கும் மாமாவுக்கும் மூத்தவர், என் பெரியம்மா சௌந்திரம். மாமா ‘மச்சான்’ என்று சொல்வது பெரியம்மாவின் கணவர் மருதாசலத்தை. லாரி டிரைவர். எண்பதுகளில் ஒரு கார்த்திகை மாதம், ஜவ்வரிசி லோடு ஏற்றிக்கொண்டு கல்கத்தாவுக்குக் கிளம்பியவர் வழியில் புயலில் மாட்டிக்கொண்டார். திரும்பி வரவில்லை. எந்த வருடம் என்பதில் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இன்னும் தகராறு தீரவில்லை. அதனால் நடந்த எந்தப் புயலோடும் இதை வைத்துச் சரிபார்க்க வேண்டாம். இது என் புயல். ஆனால் போன ஆள் எங்கள் ஆள்.

நான் பிறப்பதற்கு ரொம்ப முன்னால் நடந்தது. எனக்கு எதுவும் தெரியாது. தெரியாத ஒன்றை, வேலைக்குப் போகும் வேனில் உட்கார்ந்து போனிடம் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. பக்கத்து சீட்டு மலையாளி நான் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்து, தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

2

தொடக்கங்கள்.

‘வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மேலும் வலுப்பெற்று’ – இது ரேடியோ. கதை இல்லை.

‘அன்று சேலத்து வானம்’ – அன்று சேலத்து வானம் எப்படி இருந்தது? அம்மா வெயில் என்கிறாள். பெரியம்மா மூட்டம் என்கிறார். மாமாவைக் கேட்டால் எட்டில் எத்தனை பங்கு மேகம் என்று சொல்வார். ஆனால் மாமாவிடம் கேட்க முடியாது, கேட்டால் அழுகிறார்.

‘மருதாசலம் வண்டியை எடுத்தபோது சக்கரத்தில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்காமல் உருண்டு’ – வேண்டாம். பழத்தின் மேல் பழி போடுவதும் ஒரு தப்பித்தல்தான். அம்மாவுக்கு வேண்டுமானால் பிடிக்கும்.

‘சின்னுசாமிக்கு வானத்தைப் பார்ப்பது உத்தியோகம்.’

இது இருக்கட்டும்.

3

சின்னுசாமிக்கு வானத்தைப் பார்ப்பது உத்தியோகம். வீடு கொண்டப்பநாயக்கன்பட்டியில், ஏற்காட்டு மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்தில். காலையில் சைக்கிளை எடுத்தால் சேலம் டவுனில் இருந்த வானிலை அலுவலகத்தில்தான் கால் ஊன்றுவார். அங்கே ஒரு வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானிகள், ஒரு கம்பத்தில் காற்றுத் திசைகாட்டி, திறந்த வெளியில் மழைமானி, உள்ளே சுவரில் பாரமானி. காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை எல்லாவற்றையும் பார்த்து, பார்த்ததை எண்களாக மாற்றி மெட்ராசுக்குத் தந்தி அடிக்க வேண்டும். நேரம் தப்பக் கூடாது. ஊரில் இழவு விழுந்தாலும் பாரமானியைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

மெட்ராசில், இப்படிப் பல ஊர்களிலிருந்து வரும் எண்களையும், கப்பல்கள் சொல்வதையும், அந்த வருடங்களில் புதிதாக வரத் தொடங்கியிருந்த செயற்கைக்கோள் படத்தையும் ஒரே மேஜையில் விரித்து, புயல் இங்கே இருக்கிறது என்று ஒரு புள்ளி வைப்பார்கள். அந்தப் புள்ளி சின்னுசாமிக்குத் திரும்பி வராது. சாயங்காலம் டீக்கடை ரேடியோவில் எல்லோரோடும் சேர்ந்து அவரும் கேட்டுக்கொள்வார். டீக்கடையில் இது ஒரு தீராத கிண்டல்.

“என்றா சின்னுசாமி, நீ அனுப்புனதைத்தான உனக்கே படிக்கறாங்க?”

“நான் அனுப்புனது சேலத்துக் காத்துங்க. அவுங்க படிக்கறது கடலு.”

“அப்ப நாளைக்கு மழை வருமா, வராதா?”

“நாங்க பாக்கறவங்க. சொல்லறவங்க மெட்ராசுல இருக்கறாங்க.”

அலுவலகத்தில் அது எழுதாத சட்டம். பார்க்கிறவன் ஆருடம் சொல்லக் கூடாது. சேலத்துக்காரன் வாயைத் திறந்து மழை வரும் என்று ஒன்று சொல்லி, மெட்ராஸ் வேறொன்று சொல்லிவிட்டால், ஜவ்வரிசி காயப்போட்ட ஆலைக்காரனிலிருந்து தெருவில் பாவு விரித்த நெசவாளி வரைக்கும் சட்டையைப் பிடித்துவிடுவான்.

[சந்தேகம்: சின்னுசாமியை நான் ரொம்ப நல்லவராக்கிக்கொண்டிருக்கிறேனோ? சின்ன வயதில் மாமா என்னை சைக்கிளில் உட்கார வைத்து மேகத்துக்குப் பேர் சொல்லச் சொல்வார். தப்பாகச் சொன்னால் இறக்கிவிட்டுவிடுவார். நடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். இதையும் எழுதிவிட்டால் நியாயமாக இருக்கும். எழுதிவிட்டேன்.]

4

அன்று மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால், செவ்வாய்ப்பேட்டையில் கைலாசத்தின் மண்டிக்கு வெளியூரிலிருந்து ஒரு டிரங்க் கால் வந்தது. லோடு அவர் பிடித்துக் கொடுத்தது. மருதாசலம் வழியிலிருந்து பேசுவதானால் அந்தப் போனுக்குத்தான் பேசுவார். கைலாசம் உடனே பெரியம்மாவுக்கு ஆள் அனுப்பினார், சின்னுசாமிக்கும் அனுப்பினார். சின்னுசாமி வந்து சேர்ந்தபோது மண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சௌந்திரம் முன்னமே வந்து ஓரமாக ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.

(கதைக்குள் வந்ததும் பெரியம்மா ‘உட்கார்ந்திருந்தாள்’ ஆகிவிட்டார். மன்னிக்க வேண்டும். அப்போது அவருக்கு என் இப்போதைய வயதுதான்.)

“வாங்க மழைக்காரரே,” என்றார் கைலாசம். “உங்க மச்சான் பேசுனாருங்க. நெல்லூருக்கு இக்கட்ட, கூடூருக்கு அக்கட்ட, ஆத்துப் பாலம் தாண்டி ஒரு சோத்துக் கடையாமா. வண்டிக வரிசையா நிக்குதாம். புயலுங்கறாங்களாம். பாதிப்பேரு போலாங்கறானாம், பாதிப்பேரு நிக்கலாங்கறானாம். ‘எம்பட மச்சினன் அந்த ஆபீசுலதான இருக்கறான், கேட்டு வைங்க, பொழுது எறங்க மறுக்காக் கூப்புடறேன்’னு வெச்சுட்டாரு.”

“எங்க ஆபீசுல அதெல்லாம் சொல்லமாட்டாங்க. பாக்கறதோட சரி.”

“அதென்னங்க உத்தியோகம்? கண்ணு மட்டும் குடுத்து வாயைக் குடுக்கல.” கைலாசம் மேஜையிலிருந்து செய்தித்தாளை எடுத்து உதறினார். “உங்களை எதுக்குக் கேக்கோணும்? இதா, மேல இருந்தே புடிச்சுப் போட்டிருக்கறான். வெள்ளையாக் கெடக்குதில்ல, அதான் புயலு. எங்க நிக்குது? நெல்லூருக்கு நேரா.”

சௌந்திரம் எட்டிப் பார்த்தாள். “இட்லி மாவு பொங்கி வழிஞ்சாப்புல இருக்குது. இதுல நெல்லூரு எங்கிருக்குது?”

“மாவுக்கு அடியில இருக்குது அம்மிணி.”

சின்னுசாமி பேப்பரை வாங்கி வெகுநேரம் பார்த்தார். படம் உண்மைதான். ஆனால் அது முந்தின நாள் காலையில் எடுத்த படம். மெட்ராசுக்குப் போய், பத்திரிகைக்குப் போய், அச்சாகி, ரயிலேறி, சேலம் வந்து, கைலாசத்தின் டீ கிளாசுக்கு அடியில் ஒரு வட்டம் வாங்கியிருக்கிறது. அதற்குள் புயல் இந்த இடத்திலேயா உட்கார்ந்திருக்கும்? ரேடியோ மதியச் செய்தியில் சொன்னது காலையில் இருந்த இடம். அதற்குள் அது எவ்வளவு தூரம் போயிருக்குமோ. மருதாசலம் பார்த்த வானம் மதியத்து வானம். ஆளுக்கொரு நேரத்தைக் கையில் வைத்திருந்தார்கள். இந்த நிமிடத்தில் புயல் எங்கே என்பதை ஒருவரும் வைத்திருக்கவில்லை.

[இந்த இடத்தில்தான் நான் முதல் தடவை நிறுத்தினேன். அம்மா சொல்வது அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டது. பெரியம்மாவினுடையது நாற்பது வருடம் புளித்தது. மாமாவினுடையது கண்ணைக் கட்டிக்கொண்டு பார்ப்பது. நானும் இந்த நிமிடத்துக் கதையை எழுதவில்லை, பழைய படம் ஒன்றின் மேல் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறேன்.]

“படிப்பெல்லாம் இருக்கட்டும் சின்னு,” என்றாள் சௌந்திரம். “எனக்குப் புரியறாப்புலச் சொல்லு. அவரு நிக்கறதா, போறதா?”

சின்னுசாமி விரலால் மேஜையில் கோடு போட்டார். “புயலு வடக்க, ஆந்திராவுல இன்னும் மேல ஏறிப் போச்சுன்னா, அவரு முன்னால போனா அதுகிட்டயே போய் மாட்டிக்குவாரு. நிக்கறதுதான் நல்லதுங்கக்கா. அப்படியில்லாம நேரா உள்ள வருதுன்னா, அவரு நிக்கற எடத்துக்குத்தான் வரும். ஆத்தங்கரையில நிக்கவே கூடாது. வண்டியை உடனே முன்னால எடுத்தறோணும்.”

“ரண்டுல எது?”

“அதான் தெரியல.”

“அப்ப திரும்பி வந்தறச் சொல்லீரலாம்.”

கைலாசம் சிரித்தார். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். “லோடு ஏத்துன வண்டி மொகத்தைத் திருப்பறதா? அம்மிணி, நல்லாச் சொன்னீங்க போங்க. எறக்காத லோடோட அவரு ஊருக்குள்ள நொழைஞ்சா, சாகற வரைக்கும் கேட்டே கொன்னுருவாங்க. ‘என்னங்க மருதாசலம், கல்கத்தா செவ்வாய்ப்பேட்டைக்கே வந்துருச்சா’ன்னு.”

சின்னுசாமியும் சிரித்தார். இதை அம்மா உறுதியாகச் சொல்கிறாள். மாமாவே அவளிடம் சொன்னாராம்: “நானும் சிரிச்சேன்.” லாரிக்காரக் குடும்பங்களில் அது பேச்சுக்குக்கூடச் சொல்கிற வழி இல்லை. பழம் நசுக்கிப் புறப்பட்ட வண்டி, லோடு இறக்கிய பிறகுதான் ஊரைப் பார்த்துத் திரும்பும். ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு, ‘திரும்பி வந்திருக்கலாமே’ என்று எனக்கு உடனே தோன்றியது. தொழில் தெரியாதவனுக்குத்தான் அப்படித் தோன்றும். சௌந்திரத்துக்கும் தொழில் தெரியாது.

5

சின்னுசாமி மண்டியை விட்டு இறங்கிச் சந்தில் நின்றார். மூக்கைத் தூக்கிக் காற்று வரும் திசையைப் பார்த்தார். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, இடது கையைத் தோளுக்கு நேராக நீட்டினார்.

அலுவலகத்தில் சேர்ந்ததும் சொல்லிக் கொடுத்தது அது. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், புயல் உன் இடது கைப் பக்கம்.

எதிரே வந்த ஆட்டோ நின்றுவிட்டது. “எங்கீங்க போகோணும்?”

“எங்கயுமில்ல, நீங்க போங்க.”

“கையைக் காட்டுனீங்க?”

“காத்துக்குக் காட்டறேன்.”

ஆட்டோக்காரர் கைலாசத்தைப் பார்த்தார். கைலாசம், ‘ஒண்ணுமில்ல, கவர்மெண்டு ஆளு’ என்று கையசைத்து அனுப்பினார்.

சின்னுசாமியின் இடது கை வடகிழக்கைக் காட்டியது. வடகிழக்கில்தான் ஆந்திரா. புயல் வடக்கே ஏறிப் போகிறது என்றால் கை அங்கேதான் காட்ட வேண்டும். ஆனால் மருதாசலம் நிற்கும் கூடூரும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான். நேராக வருகிறது என்றால் கை கொஞ்சம் கிழக்கே தள்ளிக் காட்டியிருக்கும். எவ்வளவு கொஞ்சம்? அகல விரித்த ஒரு உள்ளங்கை அளவு. அந்த ஒரு உள்ளங்கையில் மச்சானின் உயிர் இருந்தது.

அந்த உள்ளங்கையையும் நம்ப முடியவில்லை. செவ்வாய்ப்பேட்டைச் சந்துக்குள் காற்று சந்து போகிற போக்கில்தான் போகும். அலுவலகத்துத் திசைகாட்டி காலையில் வடக்குக்கும் வடமேற்குக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. ஆனால் அதே காற்று விடியற்காலையில் கொண்டப்பநாயக்கன்பட்டியிலும் அடித்தது. அங்கே கார்த்திகை மாதம் தினமும் அடிக்கும். ஏற்காட்டு மலை இரவெல்லாம் குளிர்ந்து, விடியும்போது கீழே இறக்கிவிடுகிற காற்று. வெயில் ஏறினால் நின்றுவிடும். அன்று வெயில் சரியாக ஏறவில்லை. பாலாடை மாதிரி மெல்லிய மேகம் உயரத்தில் படர்ந்து சூரியனை மங்கலாக்கியிருந்தது. ஆக, கன்னத்தில் படுவது கடலில் சுற்றும் புயலின் காற்றா, பக்கத்து மலையின் காற்றா?

பாரமானி நேற்றைய இதே நேரத்தைவிட இறங்கியிருந்தது. அது புயல் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எந்தப் பக்கம் என்று சொல்லாது.

மாலை அளவெடுக்க நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. போயாக வேண்டும். சௌந்திரம் மண்டி வாசலில் வந்து நின்றாள்.

“நிக்கச் சொல்லுங்கக்கா. புயலு வடக்க போயிருச்சாட்டம் இருக்குது.”

“போயிருச்சாட்டமா? போயிருச்சா?”

அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

[ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த ‘ஆட்டம்’, அதாவது ‘போல’, நான் போட்டது. ‘புயலு வடக்க போயிருச்சு, நிக்கச் சொல்லுங்க’ என்று அடித்துச் சொன்னதாகத்தான் மாமா அழுகிறார். அம்மா கேட்ட முடிவுக்கு ஒரு சின்ன வழி வெட்டலாம் என்று அந்தச் சந்தேகத்தை அவர் வாயில் வைத்தேன். இப்போது எடுக்கவும் மனம் வரவில்லை, விடவும் பயமாக இருக்கிறது. எப்படியும் அவர் கண்டுபிடித்துவிடுவார்.]

6

மாலையில் சின்னுசாமி கம்பத்தைப் பார்த்தபோது திசைகாட்டி ஆடவில்லை. வடக்கே பார்த்து அப்படியே நின்றது, கொஞ்சம் கிழக்கே சாய்ந்துகூட இருந்தது. மலைக்காற்று இறங்கும் நேரம் இது இல்லை. பாரமானி மேலும் கீழே போயிருந்தது.

அவர் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். இடது கையை நீட்டினார். கை நேர்கிழக்கைக் காட்டியது.

புயல் வடக்கே போகவில்லை. நேராக உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

தந்தியைக் கொடுத்துவிட்டு, செவ்வாய்ப்பேட்டைக்கு அவர் சைக்கிள் மிதித்த வேகத்தைப் பற்றி அம்மாவிடம் ஒரு நீண்ட வர்ணனை இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். மண்டியில் கைலாசம் லோடு இறக்குமிடத்திலிருந்து வந்தார்.

“பேசியாச்சுங்க. அம்மிணி பேசீட்டு இப்பத்தான் பஸ் ஏறுச்சு.”

“என்ன சொல்லுச்சு?”

“நீங்க சொன்னதைத்தான் சொல்லியிருக்கும். நான் மூட்டை எண்ணீட்டு நின்னேனுங்க. ஏன்?”

சின்னுசாமி போனைப் பார்த்தார். டிரங்க் கால் போடலாம் என்றால் அந்தச் சோற்றுக் கடையில் போன் இல்லை. மருதாசலம் தபால் ஆபீசிலிருந்து பேசியிருந்தார். அதுவும் பூட்டியிருக்கும். அன்றைய ரேடியோ, புயல் நெல்லூர்ப் பக்கம் கரை ஏறும் என்று சரியாகவே சொன்னது. டீக்கடையில் எல்லோரோடும் சேர்ந்து அதைக் கேட்டுக்கொண்டு சின்னுசாமி நின்றார்.

புயல் ஓய்ந்ததும் மருதாசலத்தின் தம்பி ராசு அந்தப் பக்கம் போய், அங்கேயே ஈமக்காரியத்தை முடித்துவிட்டு வந்தார்.

இனி அம்மாவின் முடிவு. முயன்றேன்.

‘ஆனால் மருதாசலம் மச்சினன் சொன்னதைக் கேட்காமல் வண்டியை எடுத்து’ – செத்தவர் தலையில் கட்டுவது. பெரியம்மாதான் படிக்கப் போகிறார், படிப்பாரா?

‘சௌந்திரம் போனை எடுத்தபோது லைனில் ஒரே இரைச்சல்’ – தபால் இலாகா தலையில் கட்டுவது.

‘சின்னுசாமி அக்காளிடம், “எனக்குத் தெரியலக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு’ – இது உண்மையாக இருந்திருக்கும். சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான். ஆனால் ஒருத்தி வாசலில் நின்று புருஷனின் உயிரைக் கேட்கும்போது, தெரியவில்லை என்று சொல்லிவிட்டு சைக்கிள் ஏறுவதற்கு

அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

ஒன்று மட்டும் எழுதலாம். இதை மாமாவுக்குச் சொல்கிறேன்: நீங்கள் பார்க்கிறவர். சொல்கிறவராக உங்களை ஒரு சாயங்காலத்துக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஆக்கிவிட்டோம். கையில் இருந்த காற்றைப் பார்த்து, தெரிந்ததைச் சொன்னீர்கள். காற்று பிறகு மாறியது.

7

ஆறாம் பகுதி வரைக்கும் பேசி முடித்ததும், ஒரே ஒரு விவரத்துக்காகப் பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். எழுதியதை முதலில் வாசித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

“இட்லி மாவுன்னு நானெங்க சாமி சொன்னேன்? அன்னிக்கு நான் பேப்பரையே பாக்கல.”

“அது நானா வெச்சதுங்க பெரீம்மா.”

“நல்லாத்தான் இருக்குது, இருக்கட்டும். கைலாசம் ஆளு அப்படியே பேசறாரு.”

“ஒண்ணு கேக்கோணுங்க. பெரியப்பா போன் பண்ணுனப்ப, நீங்க என்ன சொன்னீங்க?”

“எதுக்கு?”

“கதைக்குங்க.”

“மத்ததெல்லாம் நீயாத்தான வெச்ச. அதையும் நீயே வெச்சுக்க.”

 பின்னால் எங்கோ பால்காரர் மணி அடிப்பது கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“சின்னு நிக்கச் சொல்றான்னு சொன்னேன்,” என்றார். “சரின்னாரு. அப்பறம் நான், அவன் கெடக்கறான், நீங்க வந்திருங்கன்னேன். லோடோடவான்னாரு. லோடோடத்தான், யாரு சிரிச்சா நமக்கென்னன்னேன். அவரும் சிரிச்சாரு. அதோட லைன் கட்டாயிருச்சு.”

“பெரியப்பா சரின்னு சொல்லலீங்களா?”

“சிரிச்சாருன்னுதான சொல்றேன்.”

 அவரே மேலும் சொன்னார்.

“ராசு போய்ப் பாத்துட்டு வந்தாருல்ல. அங்க வண்டிக ஆத்துக்குள்ள எறங்கிக் கெடந்துச்சாம். எல்லா வண்டியும் வடக்க பாத்துத்தான் கெடந்துச்சாம், போற மொகமா. இவரு வண்டி மட்டும் தெக்க பாத்துக் கெடந்துச்சாம். தண்ணி சுத்தி உட்டிருக்கும் அண்ணின்னு ராசு சொன்னாரு. சரின்னு கேட்டுக்கிட்டேன். தண்ணி ஒரு வண்டியை மட்டுமா சாமி திருப்பும்?”

திருப்பலாம். ஓரமாகத் தனியாக நின்ற வண்டி என்றால், வெள்ளம் ஒரு பக்கமாக இடித்தால், அதை மட்டும் திருப்பலாம். இது எனக்கு உடனே தோன்றியது. நான் சொல்லவில்லை.

“மாமாகிட்ட இதை நீங்க சொல்லவே இல்லீங்களா?”

“இல்ல.”

“சொல்லியிருந்தா, அவரு நிக்கச் சொன்னதைப் பெரியப்பா கேக்கலைன்னு தெரிஞ்சிருக்குமில்லீங்க? அவரு மனசு ஆறியிருக்குமே.”

“அது தெரியாமயா இருக்கறேன்.” குரலில் கோபம் இல்லை. கணக்கு ஒப்பிக்கிற மாதிரி இருந்தது. “எழவுக்கு வந்த ஒறம்பரையெல்லாம் குக்கீட்டு, நின்ன எடத்துலயே போயிட்டாரு மவராசன், நின்ன எடத்துலயே போயிட்டாருன்னு அழுதாங்க. நான் ஒண்ணும் சொல்லல. அவரு வந்துட்டிருந்தாரு. எம்பட பேச்சைக் கேட்டு, லோடோட, மானத்தை உட்டுப்போட்டு ஊட்டுக்கு வந்துட்டிருந்தாரு. அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. வெளிய சொல்லியிருந்தா ஆளாளுக்குப் பிச்சிருப்பாங்க. ஒருத்தி, நீ கூப்புடப் போயித்தான் செத்தாரும்பா. இன்னொருத்தி, தண்ணிதான் திருப்புச்சும்பா.”

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

“சின்னு அழுகறது எனக்கும் கேக்குது சாமி. பக்கத்து ஊடுதான.”

“இதை நான் எழுதலாமுங்களா?”

“எழுதறதுன்னா எழுது. உங்க மாமனுக்கு நாந்தான படிச்சுக் காட்டப் போறேன்.”

8

இங்கே ஒரு முடிவு எழுத வேண்டும். எழுதத் தெரியவில்லை. வண்டியைத் திருப்பியது பெரியப்பா என்று எழுதினால் மாமா தப்பிப்பார், பெரியம்மா அகப்படுவார். தண்ணீர் என்று எழுதினால் பெரியம்மாவிடம் இருக்கும் அந்த ஒன்றையும் பிடுங்கிக்கொள்வேன், மாமாவும் தப்பிக்க மாட்டார். இரண்டுக்கும் நடுவில் உள்ளங்கை அளவு இடம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. போனில் பேசிப் பேசி அழித்து, வேன் மூன்று தடவை கம்பெனி வாசலில் நின்றுவிட்டது.

அம்மா கேட்ட முடிவு என்னிடம் இல்லை. அது பெரியம்மாவிடம் இருக்கிறது.

பெரியம்மா, இதை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். ஆறாம் பகுதியோடு நிறுத்தினாலும் கதை முடிந்த மாதிரிதான் தெரியும். வேண்டுமென்றேதான் மாமாவுக்குச் சொல்வதை அங்கே வைத்தேன். ஏழையும் எட்டையும் மடித்து வைத்துவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. நான் அம்மாவிடமும் இவற்றைக் காட்ட மாட்டேன். எல்லாவற்றையும் அச்செடுத்து உங்களுக்கு மட்டும் தனியாக அனுப்புகிறேன்.

ஏழையும் படிப்பதென்றால், தண்ணீரைப் பற்றி நான் நினைத்ததை விட்டுவிட்டுப் படியுங்கள்.

எப்படியும் நீங்கள் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வீர்கள். அவர் கண்ணில் கட்டோடு, தலையைச் சுவரில் சாய்த்துக் கேட்பார். சந்தில் கை நீட்டிய இடத்தில் சிரிப்பார். ‘ஆட்டம்’ வந்ததும், “நான் அப்படிச் சொல்லலயே” என்பார். நீங்கள் அதைக் கடந்து போவீர்கள். ஆறாம் பகுதி முடியும். நீங்கள் நிறுத்துவீர்கள். காகிதம் புரளும் சத்தம் வரவில்லை என்பதை அவர் கவனிப்பார். இத்தனை வருடம் எல்லாவற்றையும் கவனித்தே பழகியவர்.

“அவ்வளவுதானாக்கா?” என்று கேட்பார்.

அதற்கு நீங்கள் சொல்லப்போவதை நான் எழுதவில்லை.